ஒலிபெருக்கி எட்டாத தோப்பு

லிச்சி மாதிரிக் கொத்துக்கொத்தாய்ப் பழுக்கிற லாங்கன் மரங்கள் எந்த வாரம் பூக்கும் என்பது தோப்புக்காரன் நரோங்குக்குத் தெரிவதற்கு முன்பே தேனீக்காரன் தவினுக்குத் தெரிந்துவிடும். தவின் இரண்டு மலை தாண்டி இருக்கும் பிரே மாகாணத்துக்காரன். வருஷம் முழுக்கப் பூவைத் துரத்திக்கொண்டு போவதுதான் அவன் பிழைப்பு. நவம்பரில் லொப்புரியில் சூரியகாந்தி, குளிர் முற்றும்போது வடக்கு மலைகளில் காட்டுப்பூ, அது உதிர ஆரம்பித்ததும் லம்பூனில் லாங்கன். பெட்டிகளை லாரியில் அடுக்கி அந்தியில் கிளம்புவான். விடியும்போது நரோங்கின் தோப்பில் அவை வரிசையாக இறங்கியிருக்கும். நரோங் வேலை முடிந்து வந்து பார்த்தால் லாரிக்கு அடியில் தவின் பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருப்பான்.

வாடகை என்று எதுவும் கிடையாது. போகும்போது சில பாட்டில் தேன் கொடுப்பான். நரோங்குக்கு அதைவிடப் பெரிய லாபம், பூவெல்லாம் காயாவது.

தோப்பு ஒரு நீண்ட துண்டு நிலம். ஒரு பக்கம் குவாங் ஆறு, மறுபக்கம் தொழிற்பேட்டையின் பின்மதில். நரோங்கின் அப்பா கன்று வைத்த காலத்தில் மதில் இல்லை, வயல்தான் இருந்தது. அதற்காக நரோங் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. அவனுக்குச் சம்பளம் அந்த மதிலுக்கு உள்ளேயிருந்துதான் வந்தது. கைப்பேசிக்குள் போகிற நகக்கண் அளவுச் சில்லுகளைச் செய்கிற ஆலையில் ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். அப்பா இறந்து, அம்மா அக்காவோடு சியாங்மாய்க்குப் போன பிறகு வீட்டில் அவன் மட்டும்தான். தெருவில் அவன் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். காலில் ஆலைச் செருப்பு, நகத்தில் தோப்பு மண்.

மதிலால் ஒரே ஒரு தொந்தரவு உண்டு. ஊர்த்தலைவர் தினமும் காலை ஏழரை மணிக்கு மைக்கில் பேசுவார். குப்பை வண்டி எப்போது வரும், கோயில் திருவிழாவுக்கு யார் என்ன தர வேண்டும், நாய்களுக்கு ஊசி என்றைக்கு என்று எல்லாம் வரும். கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகள் ஊரில் ஒரு வீட்டையும் விடுவதில்லை. ஆனால் நரோங்கின் தோப்பில் மட்டும் ஒன்றும் கேட்காது. மதிலுக்கு அப்பால் ஆலைகளின் பெரிய காற்றாடிகள் இரவும் பகலும் ஒரே மாதிரி உறுமிக்கொண்டிருக்கும்.

தவினுக்குக் கேட்டே ஆகவேண்டியது அந்த அறிவிப்புகளில் ஒன்றுதான். யார் தோப்பில் மருந்து தெளித்தாலும் முந்தின நாள் காலையில் மைக்கில் சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். வேருக்கு ரசாயன உப்பு ஊற்றிப் பூக்க வைக்கிற வித்தை வந்த பிறகு, ஒவ்வொரு தோப்பும் ஒவ்வொரு கணக்கில் பூக்கிறது. நரோங்கின் தோப்பில் பூ விரிந்திருக்கும்போது பக்கத்துத் தோப்பில் பிஞ்சு பிடித்திருக்கும், அங்கே பூச்சிக்கு மருந்தடித்தே தீரவேண்டும். தேனீக்கு வேலியும் தெரியாது, எல்லைக்கல்லும் தெரியாது. சேதி முன்பே தெரிந்தால், அந்தியில் தேனீக்கள் கூடு திரும்பியதும் தவின் பெட்டிகளின் வாயை வலை வைத்து மூடிவிடுவான். மறுநாள் உச்சிவேளைக்குப் பிறகுதான் திறப்பான்.

முதல் வருஷம் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நரோங்தான் சொன்னான்: "நீங்க கவலப்படாதீங்கண்ணே. மைக்ல சொன்னா நான் வந்து சொல்லிடறேன். பகல் ஷிப்ட் வாரத்துல தெருவுல கேட்டுட்டு ராத்திரி வந்து சொல்றேன்."

"மறந்துட்டா?"

"மறப்பேனா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு பூக்காலம் போயிற்று, ஒருமுறைகூடத் தவறவில்லை.

தவினுக்கு நாற்பது வயது. சிரித்தால் கீழ்வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரியும். தோப்பில் மின்சாரம் இல்லாததால் கைப்பேசியைச் சார்ஜ் போட நரோங்கின் வீட்டுக்குத்தான் வருவான். சமையலறை அலமாரியில் அதை மாட்டிவிட்டு, ஒட்டரிசிச் சோற்றை உருட்டி மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்றபடி பேசிக்கொண்டிருப்பான்.

"உங்க ஆலைல தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, மூஞ்சிக்கு மூடி, இல்ல?"

"ஆமாண்ணே. ஒரு முடி விழுந்தா போச்சு, சில்லு கெட்டுப்போயிடும்."

"எனக்கும் வெள்ளை உடுப்பு, மூஞ்சிக்கு வலை. ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வச்சா அண்ணன் தம்பின்னு சொல்லிடுவாங்க. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. என் பெட்டிக்குள்ளயே இருக்கற கோபக்காரங்க என்னைக் கொட்டறாங்க. உன்னைக் கொட்டறதுக்கு உங்க ஆலைல யாருக்கும் நேரமில்ல."

"கொட்டுவாங்கண்ணே. மாசக் கடைசில பாருங்க."

தவின் வாய்விட்டுச் சிரிப்பான்.

அந்த வருஷம் நரோங் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தான். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்காகக் கோயில் மண்டபத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் நடக்கிற வகுப்பு. அவன் அங்கே பெரிய கெட்டிக்காரன் இல்லை. எதையும் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்ற பதற்றம் மட்டும் அவனுக்கு எப்போதும் உண்டு. கணக்குப் போட்டால் மூன்று முறை சரிபார்ப்பான். மூன்றாவது முறையும் சரியாக வந்தால், மூன்று முறையும் ஒரே தப்பைச் செய்திருப்போமோ என்று யோசிப்பான்.

பிப்ரவரி கடைசியில் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு தாளில் மாகாண வரைபடம் வரைய வேண்டும். ஆறுகள் நீலம், விவசாய நிலம் பச்சை, தொழில் நடக்கும் இடம் சிவப்பு. பக்கத்திலேயே எங்கே என்ன விளைகிறது, என்ன செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். நல்ல படம் ஒன்றை மாவட்ட அலுவலகக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள்.

நரோங் அதைத் தவினிடம் காட்டினான். ஆறு எல்லாம் வந்துவிட்டது. பிங், குவாங், தெற்கே லீ. லீ பக்கம் தோப்புகள், பாசாங்கில் பருத்தித் துணி, வடக்கே தொழிற்பேட்டை.

"இதுல என்னடா சந்தேகம்?"

"நம்ம தோப்பை என்ன கலர்ல போடறதுன்னுதான் தெரியலண்ணே. பச்சைதான். ஆனா நான் மதிலுக்கு உள்ளயும் இருக்கேன். காய் விக்கற காசு உரத்துக்கே பத்தல, அந்த உரத்தை வாங்கறது ஆலைச் சம்பளத்துலதான். அப்ப இது பச்சையா சிவப்பா?"

தவின் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்கிட்ட கேட்டா பூ இருக்கற இடத்துக்கு ஒரு கலர், மருந்தடிக்கற இடத்துக்கு ஒரு கலர். மத்ததெல்லாம் எனக்கு வெறும் ரோடு." பிறகு எழுந்து கையைக் கழுவினான். "ரொம்ப யோசிக்காத தம்பி. பச்சையைத் தீட்டிட்டு வேலையப் பாரு. போனை விட்டுட்டுப் போறேன், பேட்டரி சுத்தமாச் செத்துடுச்சு. அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."

அடுத்த நாள் காலை நரோங் இரவு ஷிப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கினான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒலிபெருக்கி கரகரத்தது. ஊர்த்தலைவரின் குரல்: நாளைக்குப் புவாலாய் அம்மா தோப்பில் மருந்து தெளிப்பு. கூலி ஆட்கள் வருகிறார்கள். துணி காயப் போடாதீர்கள், கோழிகளை அடைத்து வையுங்கள்.

புவாலாய் நரோங்கின் பக்கத்துத் தோப்புக்காரி. அவன் அம்மாவுக்கு அக்கா முறை, அதனால் பெரியம்மா. தவினிடம் சொல்ல வேண்டும் என்று நரோங் நினைத்துக்கொண்டான். சாயங்காலம் தேனீ திரும்புகிற நேரத்துக்குள் சொன்னால் போதும். முதலில் தூக்கம்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. அப்போதே சைக்கிளை எடுத்திருந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் அலமாரியில் கைப்பேசி, அதன் பக்கத்தில் வரைபடம். அன்று ஐந்து மணிக்கு வகுப்பு, தாளைக் கொடுக்க வேண்டிய நாள். தோப்பு இருந்த துண்டு இன்னும் வெள்ளையாகவே கிடந்தது. உட்கார்ந்தான். முதலில் பச்சை தீட்டினான். அதன் மேல் சிவப்பில் மெல்லிய கோடுகள் போட்டுப் பார்த்தான். அழுக்காகத் தெரிந்தது. அழித்ததில் தாள் நூல் நூலாய்ப் பிரிந்தது. பிரிந்த இடத்தில் பின்பக்கமாகச் சின்னத் தாள் ஒட்டி, மறுபடி முதலிலிருந்து தீட்டினான். இடையில் இரண்டு தடவை கைப்பேசி கண்ணில் பட்டது. இதைக் கொடுக்கப் போகும்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவையும் நினைத்தான்.

மணி பார்த்தபோது ஐந்தாக ஐந்து நிமிஷம். தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். வகுப்பு முடியும்போது டீச்சர் அவன் படத்தை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் கோயில் வாசலில் ஆலை வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக ஏறி உட்கார்ந்தான்.

நடு ஷிப்டில் சாப்பாட்டு இடைவேளை முடிந்து வெள்ளை உடுப்பை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். எதிரே ஒருத்தி முகமூடியை இழுத்து விட்டாள். கண்கள் மட்டும் தெரிந்தன. தவினின் வலை நினைவுக்கு வந்தது. அடுத்த நொடி, மைக்கில் கேட்ட தெளிப்புச் சேதியும்.

கைப்பேசியில் கூப்பிட முடியாது. தவினின் கைப்பேசி நரோங் வீட்டு அலமாரியில் முழுச் சார்ஜோடு இருந்தது. நடு ராத்திரியில் தோப்புக்குப் போய்ச் சொல்ல வேறு ஆளும் இல்லை. தோப்போ, அவன் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். பின்மதிலைத் தாண்டினால் பெட்டிகள். ஆனால் வாசல் மறுபக்கம். வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு நடந்தால் அரைமணி நேரம். ஷிப்டுக்கு நடுவில் வாசலைத் தாண்டினால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது என்று அர்த்தம்.

வரிசைத் தலைவி ரட்டனாவிடம் போனான்.

"அக்கா, ஒரு மணி நேரம் வெளில போயிட்டு வரலாமா?"

"வெளில போனா திரும்பி வர முடியாது, உனக்குத் தெரியாதா? கேட்ல கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லீவே போடாம வந்தா தர்ற முழுவருகைப் படி போயிடும். நீ ஒரு வருஷமா ஒரு நாள்கூட விடல, மேல்படிக்கு வந்திருக்கே. மறுபடி அடியில இருந்து ஏறணும்." அவள் குரலைத் தணித்தாள். "யாருக்காவது உடம்பு சரியில்லயா? சொல்லு, நான் ஆள் போட்டுக்கறேன்."

"உடம்பெல்லாம் இல்லக்கா. தேனீ."

"என்ன?"

"தேனீக்கா. எங்க தோப்புல ஒருத்தர் பெட்டி வச்சிருக்காரு. அதை மூடச் சொல்லணும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "தேனீக்கு உடம்பு சரியில்லயாம்!" என்றாள் ஒருத்தி. "கூட்டத்துல எந்தத் தேனீக்குன்னு கேளு, மெடிக்கல் சர்ட்டிபிகேட் வேணும்ல?" என்றான் இன்னொருவன். ரட்டனாவும் சிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை. கடைசியில் நரோங்கும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் பிறகு அவனால் மன்னிக்க முடியவில்லை.

மெஷினுக்குத் திரும்பினான். மனசுக்குள் ஒழுங்காகக் கணக்குப் போட்டான். பெரியம்மா எப்போதும் பனி காய்ந்த பிறகுதான் தெளிப்பாள். இலை ஈரமாக இருந்தால் மருந்து ஒட்டாது என்பாள். எப்படியும் ஒன்பதாகிவிடும். ஏழு மணிக்கு ஷிப்ட் முடியும். வேன்காரனிடம் சொல்லி ஆற்றுமுனையிலேயே இறங்கிக்கொண்டால் எட்டுக்கு முன்பே தோப்பு. மறுபடி கணக்குப் போட்டான். மூன்றாவது முறையும் சரியாகவே வந்தது.

காலையில் தலைவர் சொன்ன 'கூலி ஆட்கள்' அந்தக் கணக்கில் வரவில்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, மகன் தொழிற்பேட்டையில் வேறொரு ஆலையில் இருந்தான். இந்த வருஷம் அவள் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் பிடித்திருந்தாள். லாரியில் பெரிய தொட்டி, நீளக் குழாய், ஒரே நாளில் மூன்று தோப்பு. அவர்கள் பனி காயக் காத்திருக்கிறவர்கள் இல்லை.

வேன் ஆற்றுமுனையில் நின்றபோதே மருந்து வாடை மூக்கில் ஏறியது. நரோங் ஓடினான். பெரியம்மா தோப்பின் மறுகோடியில் குழாய் சீறுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பாதித் தோப்பு ஏற்கனவே நனைந்து மினுங்கிக்கொண்டிருந்தது. பிஞ்சு மரங்களுக்கு நடுவில் சில மரங்கள் இன்னும் பூவோடு நின்றன. அவையும் நனைந்திருந்தன.

தவின் பெட்டிகளுக்கு முன்னால் குந்தியிருந்தான். முகத்தில் வலை போட்டிருக்கவில்லை. பெட்டி வாசல்களில் தேனீக்கள் குவிந்து கிடந்தன. சில தரையில் வட்டமடித்துச் சுழன்றன. சில மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன. சில ஆகாயத்திலிருந்து வந்து, வாசல்பலகையைத் தொட்டு, அங்கேயே உருண்டன. பூவில் மேயப் போயிருந்த கூட்டம் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. தவின் ஒவ்வொரு பெட்டியாகக் கையால் வழித்து வாசலைத் திறந்துவிட்டான். வழிக்க வழிக்க மறுபடி அடைத்தது.

"அண்ணே."

தவின் நிமிர்ந்து பார்த்தான். நரோங்கின் முகத்தில் எல்லாம் இருந்திருக்க வேண்டும்.

"நேத்துக் காலைல சொன்னாங்க," என்றான் நரோங். "நான்..."

"சரி, சரி. அந்தத் தண்ணி வாளிய எடு."

இரண்டு பேரும் வாசல் வாசலாக வழித்துக் கழுவினார்கள். சற்று நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா முன்னால் வந்தாள். பின்னால் ஊர்த்தலைவர், தெளிக்க வந்தவர்களில் இரண்டு பேர், தெருக்காரர்கள் நான்கைந்து பேர். செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் பெரியம்மா கத்த ஆரம்பித்தாள்.

"அய்யோ, என் தலையில பழி போடாதீங்க! மைக்ல சொல்லித்தானே அடிக்கறோம்! தலைவர்கிட்ட காசு கொடுத்துச் சொல்லச் சொன்னேனா இல்லயா? கேளுங்க!"

"சொன்னேன். நேத்துக் காலைலயே சொன்னேன்," என்றார் தலைவர். பிறகு தவினைப் பார்த்து, "உங்களுக்குச் சேதி வரலயா?" என்றார்.

இங்கே மைக் கேட்பதில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். யார் சேதி கொண்டுவருவது என்பது தவினுக்கும் நரோங்குக்கும் இடையில் மட்டும் இருந்த ஏற்பாடு. நரோங் வாயைத் திறந்தான். இந்தத் தெரு, நாளைக்கும் பார்க்க வேண்டிய முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

தவின் முந்திக்கொண்டான். "வந்துச்சு. நரோங் வந்து சொன்னான். நான்தான் கொஞ்சம் குடிச்சிட்டுப் படுத்துட்டேன். மூட மறந்துட்டேன்."

தவின் குடிப்பதில்லை. பத்து வருஷமாகத் தொடுவதில்லை என்பது நரோங்குக்கு நன்றாகத் தெரியும்.

பெரியம்மாவின் குரல் உடனே தணிந்தது, பிறகு வேறு மாதிரி ஏறியது. "அப்படிச் சொல்லுங்க! குடிச்சிட்டுக் கிடந்துட்டு, காலங்காத்தால என் தோப்பு வாசல்ல வந்து சண்டைக்கு நின்னா?" சண்டைக்கு யாரும் நிற்கவில்லை. தலைவர் கையமர்த்தினார். தெளிக்க வந்தவன் ஒருத்தன், "பாவம், பெட்டி எவ்வளவு போச்சோ," என்று முனகினான். கூட்டம் கலைந்தது. அடுத்த தோப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

நரோங் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"நீ இங்க இருக்கறவன். நான் போறவன்." தவின் வாளியில் கையைக் கழுவினான். "அவங்க மத்தியில நீ நடமாடணும். எனக்கு என்ன?"

"நான் போய்ச் சொல்லிடறேன். இப்பவே."

"சொல்லி என்ன ஆகப்போவுது? செத்தது எழுந்து வருமா?" குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நரோங்குக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ராத்திரியெல்லாம் நின்னுட்டு வந்திருக்கே. போய்ப் படு."

நரோங் போய்ப் படுத்தான். தூங்கவும் தூங்கினான். அது அவனுக்கே நம்ப முடியாமல் இருந்தது.

அன்று அந்தியில் தவின் பெட்டிகளை லாரியில் ஏற்றினான். பூக்காலம் பாதிகூட முடியவில்லை. நரோங் தூக்கிக் கொடுத்தான். போன வாரம் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிய பெட்டிகளை இப்போது ஒருத்தனே தூக்க முடிந்தது. வெட்கத்தில் அவன் கனமாக இருப்பதுபோல் பாவனை செய்தான்.

கடைசியாகத் தவின், "என் போனு?" என்றான்.

நரோங் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். முழுச் சார்ஜ் இருந்தது.

"தேன் தர்றதுக்கு இந்தத் தடவை ஒண்ணும் இல்ல தம்பி," என்றான் தவின். சிரிக்க முயன்றான்போல. கீழ்வரிசையில் இல்லாத பல் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. லாரி ஆற்றுப் பாதையில் திரும்பியது.

அதன் பிறகு எல்லாமே நரோங்குக்கு நல்லபடியாகத்தான் நடந்தது. அதுதான் கொடுமை. வரைபடம் மாவட்டக் கண்காட்சிக்குப் போனது. முழுவருகைப் படி மேல்படியிலேயே இருந்தது. இருந்த பத்து நாளில் தேனீக்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டிருந்தன போல. ஆகஸ்டில் காய் பழுத்தபோது கிளைகளுக்கு மூங்கில் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லை தாண்டிப் பறிக்க வந்த ஷான் இனக் கூலிக்காரர்கள் ஏணியிலிருந்து, "என்ன உரம் போட்டீங்க முதலாளி?" என்று கேட்டார்கள். அவன் அடுத்த கூடையை எடுத்து நீட்டினான்.

ஊரில் தவினுக்குக் குடிகாரன் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒரு காலையில் தலைவர் மைக்கில் அறிவித்தார்: இனி தேனீக்காரர்களுக்கு இடம் கொடுப்பவர்கள் யோசித்துக் கொடுங்கள், அவர்கள் கவனக்குறைவாக இருந்துவிட்டு நம் மேல் பழி போடுகிறார்கள். நரோங் வாசலில் செருப்போடு நின்று கடைசிவரை கேட்டான். பிறகு குளிக்கப் போனான்.

மறுவருஷம் பிப்ரவரியில் லாங்கன் மொட்டு விட்டது. எந்த வாரம் பூக்கும் என்று சொல்ல ஆள் இல்லாததால், நரோங் தினமும் கொத்துகளை நிமிர்த்திப் பார்த்தான். ஒருநாள் தவினைக் கைப்பேசியில் கூப்பிட்டான். மூன்றாவது மணியிலேயே எடுத்தான்.

"யாரு, நரோங்கா? சாப்டியா தம்பி?"

"சாப்டேண்ணே. இங்க மொட்டு வந்துடுச்சு."

"ம். வரும் வரும். இந்த வருஷம் குளிர் நல்லா இருந்துச்சு."

"நீங்க வரீங்களா?"

பின்னால் லாரிகள் போகிற ஓசை. "பெட்டியெல்லாம் பாதி வித்துட்டேன்பா. மிச்சம் இருக்கறதை மச்சான் பாத்துக்கறான். நான் இப்ப சரபுரில சிமென்ட் லாரி ஓட்டறேன். மாசச் சம்பளம். முழுவருகைப் படிகூடத் தராங்க!" என்று சொல்லிச் சிரித்தான். குத்திச் சொல்லவில்லை. படியைப் பற்றி நரோங் அவனிடம் சொன்னதே இல்லை.

அன்று மாலையே நரோங் ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனான். தலைவர் வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நரோங் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மைக்கில் கேட்டது, படம் தீட்டியது, ராத்திரி நினைவு வந்தும் போய்ச் சொல்லாமல் இருந்தது, தவின் குடிக்காதவன் என்பது. எதையும் விட்டுவிடக் கூடாது என்று வரும் வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தான்.

தலைவர் கடைசிவரை கேட்டார். "இதை எதுக்குடா இப்ப சொல்றே? போன வருஷத்துக் கதை. புவாலாயே மறந்துட்டா."

"ஊர்ல அவரைக் குடிகாரன்னு சொல்றாங்க."

"அவன் இங்கயா இருக்கான்? அவன் காதுல விழவா போவுது?" நரோங் நகராமல் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். "என்ன, மைக்ல சொல்லச் சொல்றியா?"

அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார்.

"சொல்லுங்க," என்றான் நரோங்.

"உன் பேரோடயா?"

"என் பேரோட."

தலைவர் கையிலிருந்த தீனியை மொத்தமாக உதறிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. நாளைக்கு நாய் ஊசி அறிவிப்பு இருக்கு. அதுக்கப்புறம் சொல்றேன்."

அந்த வாரம் நரோங்குக்குப் பகல் ஷிப்ட். ஏழு மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். அவன் போகவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு நாள்கூட விடாதவன், லீவு சொல்லாமல் வீட்டில் இருந்தான். ரட்டனாவின் அழைப்பு இரண்டு முறை வந்து நின்றது. ஏழரை நெருங்கும்போது வாசலில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தெருவில் யாராவது வாசலைத் திறந்து அவனைப் பார்ப்பார்கள், அதைத் தாங்க முடியுமா என்று தெரியவில்லை. தாங்க வேண்டும் என்றுதானே கேட்டுக்கொண்டோம் என்றும் தோன்றியது. எழுந்து சைக்கிளை எடுத்தான். எங்கே போவது என்று யோசிக்காமலே தோப்புக்கு வந்திருந்தான்.

பூ விரிய ஆரம்பித்திருந்தது. பெட்டிகள் இருந்த இடத்தில் புல் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் வெளிறி இருந்தது. அங்கே போய் நின்றான். ஊர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் காதைத் தீட்டிக்கொண்டான். இந்நேரம் நாய் ஊசி முடிந்திருக்கும். இந்நேரம் தன் பெயர் வந்திருக்கும். தவின் பெயரும்.

மதிலுக்கு அப்பால் காற்றாடிகள் உறுமிக்கொண்டிருந்தன. அந்த உறுமலுக்கு மேல் வேறு எதுவும் கேட்கவில்லை. தலைவர் சொன்னாரா, சொல்லாமல் விட்டாரா என்றும் தெரியவில்லை. தவின் நான்கு வருஷம் இந்த இடத்தில் இப்படித்தான் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தான். நரோங் வந்து சொல்வான் என்று.

நரோங் எட்டு மணி வரை அங்கேயே நின்றான்.